இயற்பியல் படித்தவளுக்கு ஒரு நல்ல முடிவு

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைத்தலைவர் கேட்டார். சேர்க்கைக் கையேட்டில் போட வேண்டுமாம்.

“எங்க பிள்ளைங்க எங்கெங்க போயிருக்காங்கன்னு ஒரு கதையா எழுதுங்க சார். விண்வெளி, அணுமின் நிலையம், வானிலை, பேங்க்... பிசிக்ஸ் படிச்சா வேலைக்குப் பஞ்சமே இல்லன்னு தெரியணும். முடிவு மட்டும் நல்லா இருக்கட்டும்.”

நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘தொலைநோக்கியில் கண் வைத்தபடி அவள் புன்னகைத்

(அடித்துவிட்டேன். நான் விசாரித்த பழைய மாணவர்களில் தொலைநோக்கியைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஒருவர் கிரெடிட் கார்டு விற்கிறார். அவரை வேண்டுமானால் புன்னகைக்க வைக்கலாம்; அது அவர் வேலை.)

இரண்டாம் தொடக்கம்: வகுப்பில் அவளுக்கு ‘ஏறக்குறைய’ என்று பட்டப்பெயர். எந்த அளவைச் சொன்னாலும், அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வாள். சோதனைக்கூடத்தில் அதற்கு முழு மதிப்பெண். பிறகு, மருத்துவமனையில் கதிர்வீச்சு அளக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வு.

“இந்த மெஷின் சரியா இருக்கா?”

“ரெண்டு சதவீதத்துக்குள்ள சரியா இருக்குங்க.”

“ஆமாவா, இல்லையா?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க.”

‘ஆமா’ என்று சொல்ல முடிந்தவனுக்கு அந்த வேலை கிடைத்தது.

3

இப்போது அவள் இருப்பது ஒரு லிஃப்ட் கம்பெனியின் அவசர அழைப்பு அறையில். காதில் ஹெட்போன், எதிரே திரை, ஜன்னல் கிடையாது. பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் பதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்த புதிதிலேயே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: “அநேகமா, ஒருவேளை, இதெல்லாம் இங்க வேண்டாம்மா. ஆள் வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லு. கிளம்பாட்டியும் சொல்லு.”

பழகிவிட்டது. வீட்டாரிடம், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதை நம்பித்தான் தங்கை, “அக்கா மாதிரி நானும் பிசிக்ஸ்தான்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

(பிழையைக்கூட மறைக்காதவள் இப்படிப் பொய் சொல்வாளா? எனக்கே சந்தேகம்தான். ஆனால் அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துவிட்ட பிறகு, திருத்த வாய் வரவில்லை. நம்புங்கள்.)

4

இன்று திரையில் அவள் படித்த கல்லூரியின் பெயர் வந்தது.

“ஹலோ, யாராவது இருக்கீங்களா? அட்மிஷன் விஷயமா வந்தேன். லிஃப்ட் நடுவுல நின்னுருச்சு. ஒரே இருட்டா இருக்கு.”

தங்கை. அக்கா சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள்.

“பயப்படாதீங்க மேடம். ஆள் வந்துட்டே இருக்காங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக:

“அக்கா?”

5

முடிவு ஒன்று: இணைப்பைத் துண்டிக்கிறாள். பேசியது அக்காதானா என்று தங்கைக்கு உறுதியாகத் தெரியாமல், அதே கல்லூரியில் சேர்கிறாள். துறைத்தலைவருக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: “ஆமாடி, நான்தான். ஆராய்ச்சிக்கூடம்னு சொன்னதெல்லாம் பொய். நீ பிசிக்ஸ்ல சேர்ந்து

(பேனா நகர மாட்டேன் என்கிறது. இருட்டில் நிற்கிறவளிடம் போய் இதையெல்லாமா சொல்வது?)

நான் இப்படி அடித்து அடித்து எழுதிக்கொண்டிருப்பதற்குள் தங்கையே கேட்டுவிட்டாள்.

“நெஜமாவே ஆள் வர்றாங்களாக்கா?”

துறைத்தலைவர் மறுபடி அழைக்கிறார். நான் எடுக்கவில்லை. அக்காவின் வாயில் எந்தப் பதிலை வைத்தாலும் அந்தப் பெண் நம்பிவிடுவாள். என்னால் ஆகாது. ஹெட்போனை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.