மணவறைக்காரரின் வருமானம்

அம்பிகைபாகனுக்குத் தொழில் மணவறை கட்டுவது. பினாங்கில் தமிழர் கல்யாணம் எங்கே நடந்தாலும் தூண், திரை, விளக்கு எல்லாம் அவனுடைய வேனிலிருந்துதான் இறங்கும். தையிலும் வைகாசியிலும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட அவன் எழுதியதில்லை. வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

அந்த வருமானத்துக்குத்தான் குடிநுழைவு இலாகா இப்போது ஆதாரம் கேட்டது. மனைவி அருந்ததி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவளுடைய விசா வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்று கடிதம் வந்திருந்தது. புருசனுக்குச் சம்பாத்தியம் உண்டு என்று அதிகாரி நம்பினால் இருக்கலாம்; இல்லாவிட்டால் அங்கேதான் திரும்பிப் போகவேண்டும்.

பெரியப்பா தியாகராஜா ஓய்வுபெற்ற பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவர் கணக்கில் உத்தியோகம் என்றால் கிராணி வேலைதான், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. மண்டபத்தில் தம்பி மகன் ஏணிமேல் நிற்பதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்தான் ஒரு சிநேகிதரைப் பிடித்து, அம்பிகைபாகன் அந்தச் சிநேகிதருடைய கம்பெனியில் மாதம் அறுநூறு வெள்ளி சம்பளத்துக்குக் கிராணியாக இருக்கிறான் என்று கடிதம் வாங்கிக் கொடுத்தார். அவனுக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. இதைப் பெண்பிள்ளையிடம் சொல்லிக் கலவரப்படுத்தாதே என்று பெரியப்பா சொன்னதற்கும் தலையாட்டி வைத்தான். அந்தப் புத்திதான் கெட்ட புத்தி.

குடிநுழைவு இலாகாவில் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்ட அதிகாரி ரோஹானா முதலில் அருந்ததியைத் தனியாக அழைத்துப் பேசினார். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டார். உன் மனைவி நல்ல ஆங்கிலம் பேசுகிறாள் என்று தொடங்கினார். நீ கல்யாண மேடை கட்டுகிறவனாம், ஆடியில் வேலை இல்லையாம், ஆவணி பிறந்தால் வீட்டில் தங்கமாட்டாயாம், எல்லாம் பெருமையாகச் சொன்னாள் என்றார். சொல்லிக்கொண்டே பெரியப்பாவின் கடிதத்தை மேசைமேல் விரித்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பெரியப்பாவின் புளுகு ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை.

கடிதம் பொய், மனைவி சொன்னதே உண்மை என்று அம்பிகைபாகன் மலாயில் ஒப்புக்கொண்டான். கடிதமும் பொய், ரசீதும் இல்லையென்றால் எதை நம்புவது என்று கேட்டார் அவர். ஆவணிக்கு நான்கு கல்யாணம் பேசியிருக்கிறது என்றான். அதில் ஒரு வீட்டின் நம்பரைக் கேட்டார். நிபோங் திபாலில் மளிகைக்கடை வைத்திருக்கும் வேலுவின் நம்பரைச் சொன்னான்.

ரோஹானா ஃபோன் போட்டு, தான் யார் என்று சொல்லாமலே, ஆவணியில் உங்கள் மகள் கல்யாணத்துக்கு அம்பிகைபாகன் வருவது உறுதிதானா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அதே தேதிக்கு வேறொரு கல்யாண வீடு ஆளைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறது என்று வேலு முடிவு கட்டிவிட்டார். மலாயில் அவர் போட்ட சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"அவர எங்களுக்குப் பேசி முடிச்சாச்சு. வெத்தல பாக்கோட ஆயிரம் வெள்ளி குடுத்தாச்சு. நீங்க ரெண்டு மடங்கு குடுத்தாலும் விட மாட்டோம்லா. வேற தேதி பாருங்க."

இது விசா விஷயம் என்று ரோஹானா சொல்லிப் பார்த்தார். வேலு காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைகாசியில் இந்த ஆள் கிடைக்காததால்தான் கல்யாணத்தையே ஆவணிக்குத் தள்ளினோம் என்று கூடுதலாக ஒரு பாட்டம் பொழிந்தார். ரோஹானா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஃபோனை வைத்துவிட்டு, வருடத்துக்கு இப்படி எத்தனை வேலு என்று விசாரித்தார். முப்பதுக்குக் குறையாது என்றான். கடிதத்தை மடித்து அவன் பக்கம் தள்ளி, இந்த மாதிரி இன்னொரு முறை கொண்டுவராதே, ஒழுங்காக வரி கட்டு, ரசீதுப் புத்தகம் வாங்கு என்று திட்டினார். புது விண்ணப்பப் பாரத்தில் சொந்தத் தொழில் என்று எழுதி, பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தினார்.

படியிறங்கும்போது இருந்த சந்தோஷத்தை அவன் அதற்குமுன் கண்டதில்லை. கீழே காத்திருந்த அருந்ததி, சட்டை ஏன் இப்படி வியர்வையில் நனைந்திருக்கிறது என்று கேட்டாள். கடிதக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நல்ல காலம், எனக்கு முதலே சொல்லேல்லை," என்றாள். "சொல்லியிருந்தால், உங்களோட இருக்கவேணும் எண்டு நானும் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருப்பன்."