அமாவாசை ஆயில்

கிட்டுசாமி காரை நொய்யல் பாலம் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து வேப்பமர நிழலில் நிறுத்தினான். எஞ்சின் கொஞ்சம் சூடேறினால்தான் பழைய ஆயில் அடியில் தங்காமல் இறங்கும். கோணியை விரித்துக் காருக்கடியில் மல்லாந்து படுத்து, போல்ட்டைத் திருகினான். கன்னங்கரேலென்று ஒரு நூல் இறங்கித் தகரத் தட்டில் சத்தமில்லாமல் சுருண்டது. திருப்பூரில் எல்லாருக்கும் நூல் என்றால் வெள்ளை. அவனுக்கு மட்டும் கறுப்பு. அதைப் பார்த்தபடி கிடந்தால் கண் சொக்கும்.

கார், பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தியுடையது; கிட்டுசாமி அவருடைய டிரைவர். "பல்லடம் ரோட்டுப் புழுதியும் கம்பெனிப் பஞ்சும் போற எடத்துல, ஆயில் கருத்துப் போச்சுன்னா எஞ்சின் தன்னையே தின்னு போடுமுங்க" என்று கிட்டுசாமி ஒருமுறை சொன்னதை முதலாளி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அமாவாசைக்கு அமாவாசை ஆயில் மாறியது. ஊரில் மற்ற கார்களெல்லாம் புகை கக்கி முக்கிக்கொண்டு போக, இது மட்டும் பூனைபோல் போகும். முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் தாராளம். அது கிட்டுசாமிக்கும் தெரியும். ஆனால் அமாவாசையன்று யாரும் மாட்டைப் பூட்டுவதில்லை. வண்டி அச்சுக்கு மசகு போடுவது அன்றைக்குத்தான். அப்படியொரு அமாவாசையில்தான் பக்கத்து ஊரான மண்ணரையின் வண்டிக்காரர் லிங்கசாமியின் மகள் மயிலாள் தூக்குப்போசியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, கீழ கொட்டற ஆயில எங்க வண்டி அச்சுக்குக் குடுப்பீங்களா?"

அன்று தொட்டு அவன் ஆயில் மாற்றும் மைல் கணக்கை மறந்தான். ஊருக்கே நிலவில்லாத நாள் அவனுக்கு நிலவு நாளாகிவிட்டது. பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. "அச்சு சத்தம் போடுதுங்களா?" என்பான். "இல்லீங்க" என்பாள். போசி நிறையும்வரை இருவரும் அந்தக் கறுப்பு நூலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறையாகப் போய்ப் பெண் கேட்க வேண்டும் என்று மாதாமாதம் நினைப்பான். வண்டி அச்சுக்கு மசகு உண்டு, அவன் தொண்டைக்குத்தான் இல்லை.

இன்றைக்குக் காலையில் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஏப்பா கிட்டு, மூணு மாசத்துக்கு ஒருக்கா போதுமுன்னு மாப்பிள்ளை சொல்றாரு. இனி அப்படியே பண்ணு." சொன்னதில் பிழையில்லை. மயிலாள் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இனி மாசாமாசம் இருக்காதுங்க."

"அப்ப எப்பங்க?"

"தை அமாவாசைக்குங்க."

அவள் போசியை எடுத்துக்கொண்டாள். எப்போதும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பவள் இன்று பார்க்கவில்லை.

கார்த்திகை அமாவாசை வந்தது. வேப்பமரத்தடியில் வேலையில்லாமல் நிற்பது கிட்டுசாமிக்குத் தாங்கவில்லை. அவள் வீட்டு வண்டி வறட்டு அச்சில் கிறீச்சிடுவது போல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைக்குப் போய்த் தன் காசில் ஒரு டின் புது ஆயில் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மண்ணரைக்கு மிதித்தான்.

வாசலில் லிங்கசாமி மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி டிரைவருங்க. வண்டி அச்சுக்கு ஆயில் கொண்டாந்தனுங்க."

"எங்க வண்டிக்கா?" பெரியவர் சிரித்துவிட்டார். "போன வருசம் ஆடியிலயே டயரு மாட்டிட்டனுங்களே தம்பி. இதுக்கு மசகு எதுக்குங்க?"

அப்போதுதான் வண்டியைப் பார்த்தான். ரப்பர்ச் சக்கரத்தில் அது அலுங்காமல் நின்றது. கழற்றிப் போட்ட பழைய மரச்சக்கரங்கள் வேலியில் சாய்ந்திருந்தன. அவற்றின் அடியில், கோழி அண்டாமல் முள் மூடி, வரிசையாக மண்சட்டிகள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை கறுப்பு ஆயில்.

"அதுங்களா? அந்தப் புள்ள எங்கியோ வாங்கியாந்து மாசாமாசம் ஊத்தி வெக்கிது. கேட்டா கரையானுக்குங்குது. ஊட்டுல கரையானே இல்லீங்க."

கிட்டுசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காருக்கு வேண்டாத ஆயிலை அவன் மாற்றியிருக்கிறான்; வண்டிக்கு வேண்டாத ஆயிலை அவள் சுமந்திருக்கிறாள். ஒரு வருடத்துக்கும் மேலாக.

மாட்டுக்குச் சோளத்தட்டு எடுத்து வந்த மயிலாள் அவனைக் கண்டதும் நின்றாள். அவன் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள். பிறகு சட்டிகளைப் பார்த்தாள். முகம் சிவந்து, ஆனாலும் உள்ளே ஓடாமல், அங்கேயே நின்றாள்.

கிட்டுசாமி டின்னைக் கடைசிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றான் பெரியவரிடம்.

"கேளுங்க தம்பி."

மேலே ஒரு வெள்ளை மேகம் போய்க்கொண்டிருந்தது. முள்ளுக்கடியில், முதல் சட்டியின் கறுப்பில் இறங்கி, அடுத்ததற்கு மாறி, அதற்கடுத்ததற்கு என்று மெல்ல நகர்ந்து வந்தது.