காலியாக்கிய லேப்டாப்

"நீங்க பேசக் கூடாது. நீங்க எழுதி வச்சதைப் படிச்சு நானே ஓட்டிப் பார்ப்பேன்."

வேலைக்கு ஆளெடுக்கும் சகுந்தலா மேடம் வீடியோ காலில் காவியாவிடம் இப்படிச் சொல்லிவிட்டார். சென்னைக் கம்பெனி வேலைக்கான தேர்வு. ஊருக்குள் சிக்னல் கிடையாது என்பதால், மலைப்பாதை வளைவில் அண்ணன் அசோக்குமாரின் ஷேர் ஜீப்பில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஜீப் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று காட்டும் செயலியைத்தான் அவள் செய்திருந்தாள். செயலியில் குறையில்லை. அதை ஓட்டுவது எப்படி என்று எழுதிய குறிப்புதான் காலை வாரியது. மூன்றாவது வரியிலேயே மேடத்தின் திரையில் பிழை என்று சிவப்பு எழுத்து.

காரணம் உடனே புரிந்தது. செயலிக்குத் தேவையான துணைக் கோப்புகளை எப்போதோ ஒடுகத்தூர் பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டிருந்தாள். போட்டதையே மறந்துவிட்டவளுக்கு, மற்றவர்கள் அவற்றை இறக்க வேண்டும் என்று எழுத எப்படித் தோன்றும்?

"உங்க லேப்டாப்புல மட்டும் ஓடினா எனக்கு என்ன பிரயோஜனம்? சரி பண்ணுங்க. மத்தியானம் வேற ஒருத்தர் பார்ப்பார். அதுதான் முடிவு" என்று மேடம் வைத்துவிட்டார்.

விடுபட்ட வரியைச் சேர்த்தாள். பயம் போகவில்லை. இன்னும் எதையெல்லாம் விட்டிருக்கிறாளோ! மேடத்துக்காக நெட்டில் ஏற்றிய பிரதி இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, லேப்டாப்பில் இருந்த செயலியையும் கோப்புகளையும் அடியோடு அழித்தாள்.

"இன்னா பண்ற நீ? இருக்கிறதையும் அழிச்சிட்டியா?" அசோக்குமார் பதறினான்.

"நான் யாரோன்னு நெனச்சிக்கினு மொதல்லேர்ந்து போட்டுப் பாக்கணும்ணா."

சிக்னல் வருவதும் போவதுமாக உயிரை வாங்கியது. ஒருவழியாகக் கடைசி வரி வரை வந்து ஓட்டினால், வெற்றுத் திரை. ஜீப் நிற்கும் ஊர்களின் பட்டியலை அவள் நெட்டில் ஏற்றவே இல்லை. லேப்டாப்பில் மட்டும் இருந்த அதைச் சற்றுமுன் தன் கையாலேயே அழித்திருந்தாள். அண்ணனிடம் சொன்னாள்.

"ஊருங்க பேருதான? நான் சொல்றேன், நீ அடி."

தினமும் போகிற வழிதானே, அண்ணன் மூச்சுவிடாமல் சொன்னான். அடித்து நெட்டில் ஏற்றினாள். பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் அழித்தாள். பார்க்கச் சகிக்காமல் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குறிப்பை வரிவரியாகப் படித்து ஓட்டினாள். ஓடியது.

மத்தியானம் போன் வாய் திறக்கவில்லை. ஜீப்பில் ஆள் நிறைந்துவிட்டது.

"எடுப்பா வண்டிய, இன்னா அடைகாக்கறியா?" என்று பின் சீட்டில் ஏறியிருந்த மங்கம்மாள் சத்தம் போட்டாள்.

வளைவைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். அசோக்குமார் இல்லாத ரிப்பேரைப் பார்ப்பதுபோல் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் மேடம் கூப்பிட்டார். இரண்டே வார்த்தை பேசிவிட்டு வைத்தார்.

"இன்னாவாம்?"

"அந்த இன்னொருத்தரு யாரையும் ஒண்ணும் கேக்காமலே ஓட்டிட்டாராம்ணா. திங்கக்கெழம வேலைக்கு வந்து சேரச் சொல்றாங்க" என்றவள், ஜீப் நிறைய ஆட்கள் பார்க்க ஓவென்று அழுதாள்.