உதாரணத்துக்கு ஒரு ஐ.பி. முகவரி

ரவுட்டர் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதியவள் சந்திரகலா. பாராட்டெல்லாம் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த சபினுக்கு. எழுதியவள் ஒருத்தி, கைதட்டல் இன்னொருத்திக்கா? தட்டாஞ்சாவடி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த சந்திரகலாவுக்கு வயிறு எரிந்தது. இரண்டு கையேடுகளையும் அருகருகே வைத்துக் குற்றம் தேடினாள். தான் உதாரணத்துக்குக் கொடுத்திருந்த, கணினியின் இணைய விலாசமான ஐ.பி. முகவரி எண்ணை சபின் மாற்றியிருந்தாள். உடனே மேலாளர் எதுவாரிடம் ஓடினாள்.

“பாருங்க சார், நம்பரையே தப்பா போட்டிருக்கா.”

எதுவார் இரண்டையும் பார்த்தார். “சபின் போட்டது உதாரணத்துக்குன்னே ஒதுக்கி வச்ச நம்பர்மா, யாருக்கும் சொந்தமில்ல. நீ போட்டது நம்ம ஆபீஸ் சர்வரோட நிஜ நம்பர். படிக்கிறவங்க அப்படியே அடிச்சா அவங்க ரவுட்டரெல்லாம் இங்கதான் வந்து முட்டும்.”

“சபின் எங்கிட்ட சொல்லலையே.”

“எங்கிட்டயும் சொல்லல. நீ சொல்லித்தான் தெரியுது.”