மூன்று திரையும் ஒரே திரை

ஒட்டு தெரியக் கூடாது. ஒரு வாரமாக அவள் வீட்டுக்காரர் வாயில் வேறு பேச்சே இல்லை. மூன்று மானிட்டரை வரிசையாக நிறுத்தி, ஒரே அகலப் படமாக்கி, அதில் கார் ரேஸ் விளையாட வேண்டுமாம். இரண்டு அவருடையவை. மூன்றாவது அவளுடையது. அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்பு சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. “ஒரே கம்பெனி, ஒரே சைஸ், இப்படி அமையுமா?” என்று அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அந்த மகானுக்கு.

திரைகளுக்கு நடுவே கறுப்பு விளிம்பு அவர் கண்ணை உறுத்தியது. சமையலறைக் கத்தியை எடுத்து பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பிக் கழற்றினார். நெம்பிய கத்தியைக் கழுவாமல் நறுக்கிவைத்த தக்காளிக்குப் பக்கத்தில் போட்டார். அதன் முனையில் பிளாஸ்டிக் சுருளும், பல வருஷத் தூசியும், யாருடையதோ ஒரு முடியும் ஒட்டிக்கொண்டிருந்தன. தக்காளியை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

கம்ப்யூட்டர் இருந்த அந்த அறைக்குள் கால் வைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கீபோர்டு இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள். மௌஸைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். மேசைக்கடியில் பச்சை பூத்த காபிக் கோப்பை, அதற்குள் ஒரு சாக்ஸ். சாக்ஸ் எப்படி அங்கே போனது என்று கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

புதன்கிழமை மதியம் அவளுக்கு இன்டர்வியூ, அதே கம்ப்யூட்டரில். வேலையை விட்டு வீட்டோடு கிடந்தவளுக்கு வராது வந்த வாய்ப்பு. இதையும் விட்டால் இந்த வீடும் இந்த நாற்றமும்தான் கதி.

“என் மானிட்டரை மட்டும் பழையபடி தனியா மாட்டிக் குடுங்க. ஒரு மணி நேரந்தான்.”

“என்ன விளையாடறியா? மூணையும் ஒண்ணாக்கறதுக்குள்ள எனக்கு முதுகு ஒடிஞ்சு போச்சு. அப்படியே உக்காந்து பேசு, எல்லாம் பெரிசா தெரியும்” என்று சொல்லிவிட்டு, போனோடு பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மேசையைத் துடைத்தாள், துணி கறுத்துப்போனது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரே திரையில் ஒரு இன்ஜினியரும் ஒரு மேனேஜர் அம்மாவும். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். “நீங்க போட்ட பிளான் ஒண்ணு காட்டுங்க” என்றார் இன்ஜினியர். ஒரு பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு வரைபடத்தைத் திறந்து, பழக்கதோஷத்தில் முழுத் திரையையும் பகிர்ந்தாள். அவள் காட்ட நினைத்தது நடுவில் இருந்ததை மட்டும். ஆனால் கம்ப்யூட்டருக்கு இப்போது மூன்றும் ஒன்று. இடதுகோடியில் திறந்து கிடந்த அவருடைய விளையாட்டுக் கூட்டாளிகளின் அரட்டையும் சேர்ந்தே போனது.

படிக்கட்டு ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் முகம் மாறியது.

“அம்மா, உங்க இடது பக்கம் கொஞ்சம் பாருங்க...”

பார்த்தாள். எவனோ கேட்டிருந்தான்: “எப்படா வர்றே?”

வீட்டுக்காரர் போனில் தட்டிய பதில் அதற்குக் கீழே பளிச்சென்று நின்றது: “இருடா, எங்க வீட்டு மகாராணி வேலை தேடறா. இவளுக்கு எவன் குடுப்பான்? பத்து நிமிஷத்துல மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு எந்திரிச்சிடுவா.” அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை முகங்கள்.

முதலில் அவமானத்தில் காது சுட்டது. அது அடங்கியதும் சுத்தமான அருவருப்பு மட்டும் மிஞ்சியது. இந்த ஆளுக்கா இத்தனை நாள் துவைத்துப் போட்டோம் என்றிருந்தது.

“என் வீட்டுக்காரர்தான். மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி அரட்டையை மூடினாள். விட்ட இடத்திலிருந்து படிக்கட்டைத் தொடர்ந்தாள். குரல் பிசகவில்லை.

கடைசியில் மேனேஜர் அம்மா இன்ஜினியரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

“உங்க வேலை எங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா. வீட்டுல இருந்தும் செய்யலாம், இங்க எங்க ஊருக்கு வந்தும் செய்யலாம். உங்களுக்கு எது வசதி?”

“இன்னும் முடியலையா? ரேஸுக்குப் பசங்க காத்துக்கிட்டிருக்காங்க!” பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது.

“அங்கயே வந்துடறேன் மேடம்” என்றாள். “தங்க இடம் கிடைக்குமா?”

“கிடைக்கும். குடும்பத்துக்கா?”

“இல்ல மேடம். ஒரு ஆளுக்கு.”