ஐம்பத்து மூன்று கண்ணி

1946 ஏப்ரல் 3, புதன்கிழமை, காலை 6.40. முந்தாநாள் பக்கத்தில் ஒரு சிறு தவறு எழுதிவிட்டேன். மல்லிகைச் சரத்தில் நான் எண்ணியது பூக்களை அல்ல, கண்ணிகளை. ஒரு கண்ணிக்கு நாலு மொட்டு என்று இன்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. ஐம்பத்து மூன்றை நாலால் பெருக்கினால் இருநூற்றுப் பன்னிரண்டு. திங்கட்கிழமை காலை செடியில் எண்ணியதும் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு மொட்டும் குறையவில்லை.

மை காயும்வரை மந்திரமூர்த்தி பக்கத்தை ஊதிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு பக்கம் பின்னால் புரட்டித் திங்கட்கிழமைப் பக்கத்தைப் பார்த்தான். "மொட்டு காலையில் 212. மாலை சரத்தில் 53. மீதி 159 எங்கே போனது? மதில் பக்கத்துக் கிளை ஒன்றும் ஒடிந்திருக்கிறது. என் எண்ணிக்கையிலும் பிழை இருக்கலாம்." அதை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனவன் கையை இழுத்துக்கொண்டான். மாலை வகுப்பில் தேவமணி சார் முதல் நாளே சொல்லியிருந்தார்: எழுதியதை அடிக்கக் கூடாது, தவறு தெரிந்தால் தெரிந்த நாளின் பக்கத்தில் எழுது. நாட்குறிப்பும் அவர் சொல்லி ஆரம்பித்ததுதான். ஏதாவது ஒன்றைத் தினம் பார்த்து எழுதுங்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றார். மூர்த்தி அக்காவின் தோட்டத்தை எடுத்துக்கொண்டான்.

துறைமுகத்தில் அவனுக்குப் பஞ்சுப் பொதி எண்ணும் வேலை. தோணியில் ஏறும் பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இருபது வயதுக்குள் லட்சம் பொதி எண்ணியிருப்பான். அப்படிப்பட்டவன் பூச்சரத்தில் முடிச்சை எண்ணிவிட்டு, பாக்கிப் பூ எங்கே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான் என்றதும் அக்கா செல்லத்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏலே, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நடுவுல நார். கப்பல்காரன் உன்ன நம்பியா பஞ்சு ஏத்துதான்?" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த ருகையாவையும் கூப்பிட்டுச் சொன்னாள். காயல்பட்டினத்திலிருந்து வாழ வந்தவள் ருகையா. "ஒந்தம்பி ஏளா, ஆட்டுக்குக் கால எண்ணிட்டு ஆடு நாலுன்னு எழுதுவாம் போல" என்று அவளும் சிரித்தாள்.

அந்த உப்புத் தரையில் பூச்செடி வருவதே பெரிய காரியம். கிணற்றுத் தண்ணீரில் கை கழுவினால் பிசுபிசுக்கும். செல்லத்தாய் சாயர்புரம் பக்கத்திலிருந்து ஐந்து வண்டி செம்மண் அடித்து, சங்குத் துண்டுகளால் அணை கட்டி, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் இதை எழுப்பினாள். பங்குனி பாதியில் எல்லாம் ஒன்றாக வெடித்திருந்தது. கிணற்றடியில் செவ்வரளி. வாசல் பக்கம் நந்தியாவட்டை. இட்லிப்பூச் செடியில் இலை தெரியவில்லை. கனகாம்பரத்தின் காலடியில் பட்டிப்பூ யார் வைத்ததென்று தெரியாமல் படர்ந்து கிடந்தது. நடுவில் மல்லிகை. மூன்று தூர், ஆள் இடுப்பு உயரம்.

முதல் பூ எது, எந்தத் தேதி, எத்தனை மொட்டு, எல்லாம் மூர்த்தியின் நோட்டில் உண்டு. இல்லாதது ஒன்றுதான். அத்தான் சிவனாண்டி அக்காவை அடிக்கும் நாள்களை அவன் எழுதுவதில்லை. தோட்டத்தைப் பற்றிய நோட்டில் அதை எப்படி எழுதுவது என்று ஒரு முறை யோசித்தான். யோசித்ததோடு சரி.

சிவனாண்டி உப்பளத்தில் கங்காணி. வெயில் ஏறினால் உப்பு விளையும், உப்பு விளைந்தால் அவன் வீட்டுக்கு வர எட்டு நாள், பத்து நாள் ஆகும். வராத நாள்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசிப்பதுதான் அங்கே அவனுக்கு வேலை. வந்ததும் பானையைத் திறந்து பார்ப்பான், கொடியில் கிடக்கும் சேலையைப் பார்ப்பான், பிறகு கேள்வி கேட்பான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, வகுப்புக்குப் போகும் முன் ஒரு வாய் சாப்பிடலாம் என்று மூர்த்தி வீட்டுக்குள் நுழைந்தபோது, சிவனாண்டி துவைகல்லில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மடியில் நோட்டு. விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். செல்லத்தாய் மல்லிகைச் செடி ஓரம் நின்றாள். உதடு ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"வாலே, கணக்கப்பிள்ளை" என்றான் சிவனாண்டி. "நூத்தி அம்பத்தொம்பது பூ எங்கலே போச்சு?"

"அத்தான், அது தப்பு. நான் கண்ணிய எண்ணிட்டேன். இன்னைக்குப் பக்கத்துல திருத்தி எழுதிருக்கேன், பாருங்க."

"பாத்தேன். இன்னைக்குக் காலையில எழுதிருக்க. நான் வாரேன்னு நேத்தே சொல்லிவிட்டுட்டேன். அக்காவும் தம்பியும் ராத்திரியே பேசி வச்சு எழுதுனீகளோ?"

"இல்ல அத்தான், சத்தியமா."

"எழுதுனவன் நீ. எங்கே போச்சுன்னு கேட்டவன் நீ. மதில் பக்கம் கிளை ஒடிஞ்சிருக்குன்னு எழுதுனவனும் நீ. மதில் ஏறிக் குதிச்சு வந்தவன் யாருலே?"

"பூனை ஒடிச்சது" என்றாள் செல்லத்தாய்.

அவன் எழுந்து போய் அவள் கன்னத்தில் அறைந்தான். ஓட்டுச் சில்லு உடைவது போல ஒரு சத்தம். அப்போதும் மூர்த்தியின் மண்டைக்குள் ஓடியது கணக்குதான். இருநூற்றுப் பன்னிரண்டு சரிதானா? செடியில் எண்ணியபோது ஒரு கிளையை இரண்டு தடவை எண்ணியிருந்தால்?

"அத்தான், இன்னைக்குக் கட்டுன சரம் அக்கா தலையில இருக்கு. நீங்களே எண்ணிப் பாருங்க. ஒரு முடிச்சுக்கு நாலு."

சிவனாண்டி சரத்தைப் பிடித்து இழுத்தான். பூவோடு ஒரு கொத்து முடியும் வேரோடு வந்தது. அதை மூர்த்தியின் முகத்தில் வீசினான். மூர்த்தி மண்ணில் முழங்கால் போட்டுச் சரத்தை விரித்து எண்ணிக் காட்டத் தொடங்கினான். நாலு, எட்டு, பன்னிரண்டு. முடி சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் மொட்டுகள் சிவப்பாகியிருந்தன. கங்காணி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். ஒரு முடிச்சுக்கு நாலு என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது தெரிந்ததை மூர்த்தி பார்த்தான். ஆனால் பெண்டாட்டி முன்னாலும் மச்சினன் முன்னாலும் குனிந்து பூ எண்ணிய மனுஷன் வெறுங்கையோடு நிமிர முடியாது.

கிணற்றுக் கட்டையில் செருகியிருந்த அரிவாளை உருவினான்.

முதல் வெட்டு மல்லிகைக்கு. மூன்று தூரும் தரையோடு போயின. அடுத்தது இட்லிப்பூ. செவ்வரளியின் கிளை முறிந்து பால் வடிந்தது. பட்டிப்பூவைக் காலால் மிதித்துத் தேய்த்தான். "பூவா வேணும், பூவா வேணும்" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொன்னான். சங்கு அணை உடைந்து செம்மண் சரிந்தது. ஐந்து வண்டி மண், ஐந்து வருஷம். அவன் நந்தியாவட்டையிடம் போனபோதுதான் செல்லத்தாய் குறுக்கே வந்தாள்.

"அத விட்டுரும். அது எம்புள்ளயப் புதைச்ச இடம்."

பிறந்த மூன்றாம் நாள் செத்துப்போன குழந்தை. சிவனாண்டிக்கும் அது தெரியும். ஓங்கிய கை நிற்கவில்லை. அவள் இடது கையை உயர்த்தித் தடுத்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மண்ணில் விழுந்தன. விழுந்ததைக் குனிந்து பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். சிவனாண்டி மறுபடியும் அரிவாளை ஓங்கினான். இந்த முறை அது கழுத்துக்கு.

மூர்த்தி மண்வெட்டியை எப்போது எடுத்தான் என்பது அவனுக்குத் தெரியாது. எடுத்த பிறகு நடந்தது தெரியும். பின்பக்கத்தைத் திருப்பி, அத்தானின் முழங்காலில் ஓங்கிப் போட்டான். எலும்பு நொறுங்கியது. சிவனாண்டி பக்கவாட்டில் சாய்ந்தான். மூர்த்தி அதே காலில் இன்னொரு தடவை போட்டான். இரண்டாவது அடிக்கு அவசியமில்லை. அது அடிக்கும்போதே அவனுக்குத் தெரிந்தது.

ருகையா பின்வாசலைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "யா அல்லா" என்றவள், தன் முந்தானையைக் கிழித்துச் செல்லத்தாயின் கையைச் சுற்றினாள். "மரம் மாதிரி நிக்காதலே! ஓடு, குதிரை வண்டி கூட்டியா!" என்று மூர்த்தியைத் தள்ளினாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்தபோது இருட்டிவிட்டது. இரண்டு விரல் போனது, கை தப்பியது என்றார் டாக்டர். அரை மணி நேரத்தில் உப்பளத்து ஆட்கள் சிவனாண்டியைக் கட்டிலோடு தூக்கி வந்து ஆண்கள் வார்டில் போட்டார்கள். பின்னாலேயே ஏட்டு வந்தார். வழுக்கைத் தலையும் காதில் பென்சிலுமாக, அலுப்போடு வந்தார்.

"உன் வீட்டுக்காரன் கெணத்தடியில வழுக்கி விழுந்தேங்கான். கேஸ் வேண்டாங்கான். நீ என்னம்மா சொல்லுத?"

செல்லத்தாய் தம்பியைப் பார்த்தாள்.

"செடி கழிச்சுக்கிட்டு இருந்தேன்யா. அருவா தவறிருச்சு."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குச் செடி கழிச்சியாக்கும்." ஏட்டு எழுதிக்கொண்டார். "கூட இருந்தது நீருதானே? நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து இதுல கையெழுத்துப் போடும்."

அவர் ஆண்கள் வார்டுப் பக்கம் போன பிறகு மூர்த்தி கட்டிலருகே உட்கார்ந்தான்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"அவன் காலு போச்சுலே. நான் உள்ளதச் சொன்னா அவனும் உள்ளதச் சொல்லுவான். உன்ன உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. துறைமுக வேலையும் போயிரும்."

"அப்போ வீட்டுக்கே திரும்பப் போவியா?"

"வேற எங்க போக?"

"கழுத்துக்குத்தான் ஓங்குனாருக்கா. நான் பாத்தேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட கை நெஞ்சின் மேல் கிடந்தது. சுவரைப் பார்த்தபடியே, "நந்தியாவட்டை நிக்கா?" என்று கேட்டாள்.

"நிக்கி."

நோட்டை ருகையா கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அட்டையில் செம்மண்ணும் ரத்தமும் அப்பியிருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில், சன்னல் வெளிச்சத்தில், மூர்த்தி அதை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். ஒவ்வொரு பூவும் ஒரு நாளைக் காட்டிக்கொடுத்தது. மல்லிகை கவாத்து செய்த நாள், ஜனவரி 9: அன்றுதான் அத்தான் விறகுக் கட்டையால் அக்காவின் முதுகில் அடித்தான். செவ்வரளி முதல் பூ, பிப்ரவரி 17: சுடுதண்ணீர். கனகாம்பரத்தில் புதுத் தளிர், மார்ச் 5: இரண்டு நாள் அக்கா எழுந்திருக்கவில்லை. எழுதாமல் விட்டதெல்லாம் எழுதியதின் பக்கத்திலேயே இருந்தது. ஏட்டிடம் பென்சில் கேட்டு வாங்கி, ஓரத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தான். நிச்சயமாகத் தெரியாத இரண்டு நாள்களை நிச்சயமில்லை என்றே எழுதினான். மொத்தம் பதினொன்று. விரல் விட்டு மறுபடியும் எண்ணினான். பதினொன்றுதான்.

கடைசியில் புதிய பக்கம். தன் அடியையும் எழுதினான். இரண்டு அடி, இரண்டாவது தேவையில்லாதது என்று எழுதினான். எதையும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே:

நாளை, ஏப்ரல் 4, வியாழன். காலை ஆறு மணிக்கு நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றி, சரிந்த மண்ணை அணைக்க வேண்டும். பத்து மணிக்கு ஸ்டேஷன். ஏட்டு எழுதியதில் கையெழுத்துப் போடக் கூடாது. இந்த நோட்டைக் கொடுக்க வேண்டும்.