பூண்டுக்குப் போன பெயர்

பெண்டாட்டி சந்தோஷப்படட்டும் என்று ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? பஸ் டிரைவர் அப்படித்தான் நினைத்தார்.

அவருக்கு மூட்டுவாதம். முழங்கால் வீங்கி, கிளட்சை மிதிக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனைவிக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது.

"எதிர்ப்பு சக்தியையே அடக்குற மாத்திரையாம்! அதைத் தின்னா உடம்பு எப்படி உருப்படும்? பூண்டு இருக்க இதெல்லாம் எதுக்கு?"

தினமும் காலையில் பச்சைப் பூண்டை நசுக்கித் தேனில் குழைத்து நீட்டினாள். டிரைவர் சண்டைக்கு நிற்கவில்லை. பூண்டை வீட்டில் விழுங்கினார். மாத்திரையை டிப்போவில் ஒளித்து வைத்து அங்கே விழுங்கினார். கண்டக்டர்தான் பாவம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்.

மெல்ல வீக்கம் வடிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அவள் முகத்தில் வந்த பூரிப்பை டிரைவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அவள் பூண்டுப் புராணம் பாடினாள்.

வினை அவள் தம்பிக்கு வந்தது. செல்போன் பழுதுபார்க்கிறவன், விரல்தான் அவனுக்குச் சோறு. அந்த விரல்களில் அதே நோய், அதே மாத்திரை. அக்கா சொன்னதும் நம்பிவிட அவன் ஏமாளி இல்லை. நேராகவே கேட்டான்.

"மாமா, நெசமாவே பூண்டாலதான் குணமாச்சா?"

மனைவி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் அவளைப் பார்த்தார். "உங்க அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், மாப்பிள்ளை."

அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான்.

அன்றே போன் செய்து சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்றார். நாளை வந்தபோது இன்னொரு நாளை இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. மச்சான் கடை இருந்த தெருவையே சுற்றிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து ஒரு நாள் தாங்க முடியாமல் உள்ளே நுழைந்தார். போனைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் கடுகளவு திருகாணியோடு மல்லாடிக்கொண்டிருந்தான். இடுக்கியில் பிடிபடவே இல்லை. விரல்கள் கோணியிருந்தன.

"பூண்டைக் கூட்டச் சொல்றா அக்கா" என்று சிரித்தான்.

மறுநாளே டிரைவர் அக்கா, தம்பி இருவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"பூண்டு நல்லதுதான். சமையல்ல தாராளமா சேருங்க. வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது" என்றார் டாக்டர். "ஆனா இவருக்கு எதிர்ப்பு சக்தி குறையல. அது வழி தவறி இவர் மூட்டையே தாக்குது. அதை அடக்கத்தான் மாத்திரை. ரெண்டு விரல் மூட்டு அரிச்சுப் போச்சு. இனி பழையபடி வராது. மிச்சத்தையாவது காப்பாத்துவோம்."

"எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டுச்சே, டாக்டர்!" மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்களேன்!"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் மாத்திரையை நிறுத்தவே இல்ல. டிப்போல போட்டுக்கிட்டேன். நீ வருத்தப்படுவியேன்னு..."

மச்சான் கையை மடியில் இறக்கிக்கொண்டான். அந்த நிமிஷம் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது டிரைவருக்கு.

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் உயரவே இல்லை.

"சொல்லியிருந்தா நான் ஒரு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானேங்க?"